கீட்ரூடா காப்புரிமை 2028-ல் முடிகிறது: மலிவு மருந்துக்கு ‘பிடி-1’ புரதம் ஏன் தேவை?
பல லட்சம் ரூபாய் செலவு வைக்கும் புற்றுநோய் மருந்து கீட்ரூடா. அதன் முக்கிய அமெரிக்கக் காப்புரிமை 2028-ல் முடிகிறது. மலிவான மாற்று மருந்துக்கு நிறுவனங்கள் இப்போதே தயாராகின்றன. சரி, அது ஒரிஜினல் மாதிரியே வேலை செய்யுமான்னு எப்படித் தெரியும்?

நம் நோய் எதிர்ப்பு டி செல்களில் இருக்கும் பிரேக்தான் பிடி-1. புற்றுநோய் செல் அதை அழுத்தித் தப்பிக்கிறது. கீட்ரூடா அதைத் தடுக்கிறது. 1992-ல் பிடி-1-ஐக் கண்டறிந்த ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கு 2018-ல் நோபல் கிடைத்தது.

மனித பிடி-1 மரபணுவை வளர்ப்பு செல்களில் செலுத்தி, இந்தப் புரதத்தை ஆய்வகத்துக்காகவே தயாரிக்கிறார்கள். இது மருந்து அல்ல, அளவுகோல். மாற்று மருந்து இதில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பது ஆரம்பப் பரீட்சைகளில் ஒன்று. அளவுகோலே கோணலா இருந்தா? விலை குறையலாம், நம்பிக்கையும் குறைஞ்சிடும்!