பட்டறைத் தொழிலாளி பாடினார். கல்லாப்பெட்டி யாருக்கு நிறைந்தது?

"ரெகே பாட்டா? அது கடற்கரை ஓட்டலில் சீமான்கள் மது அருந்திக்கொண்டு கேட்கும் உல்லாசப் பாட்டு!" என்கிறார்கள் சிலர். "ஏழைப் பையன் திறமையால் உலகப் புகழ் பெற்றான், உழைத்தால் எவனும் முன்னேறலாம்!" என்று உபதேசிக்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் முதலாளி வர்க்கம் கட்டிவிட்ட கதைகள். இரண்டையும் உடைத்தெறிய டெஸ்மண்ட் டெக்கர் என்ற ஒரு மனிதரின் வாழ்க்கை போதும்.

அவர் பிறந்த ஜமாய்க்கா கரீபியன் கடலில் உள்ள சிறு தீவு. 1655ல் பிரிட்டிஷார் அதைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்க மக்களை விலங்கு பூட்டிக் கொண்டுவந்து கரும்புத் தோட்டங்களில் வதைத்தார்கள். 1838ல் அடிமைத்தளை அறுந்தது. உடனே தோட்ட முதலாளிகள் ஆள் தேடி எங்கே ஓடினார்கள்? இந்தியாவுக்கு! 1845 முதல் நம் நாட்டு ஏழைகளையும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1962ல் தீவு விடுதலை பெற்றது. கொடி மாறியது, தகரக் குடிசை மாறவில்லை.

டெக்கர் 1941ல் கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். இளவயதிலேயே தாயை இழந்தார். தையல் பழகினார், பிறகு வெல்டிங் பட்டறையில் வேலை செய்தார். வேலை செய்துகொண்டே பாடுவார். "நீ பாடகனாக வேண்டியவன்" என்று முதலில் கண்டுகொண்டது எந்தச் சங்கீத வித்வானுமல்ல. கூட வேலை செய்த தொழிலாளிகள்தான்! அதே தொழிலில் இருந்த பாப் மார்லி என்ற இளைஞரை இசைத்தட்டு முதலாளியிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இந்த டெக்கர்தான்.

1968ல் அவர் 'இஸ்ரேலைட்ஸ்' என்ற பாட்டைப் பாடினார். அது எப்படிப் பிறந்தது? பூங்காவில் ஒரு கணவனும் மனைவியும் பணத்துக்காகச் சச்சரவிட்டதைக் கேட்டார். செலவுக்குப் பணம் வேண்டும் என்கிறாள் அவள். செய்கிற வேலைக்குக் கிடைக்கும் கூலி போதவில்லையே என்கிறான் அவன். எந்த ஆலைத் தொழிலாளியின் வீட்டில் கேட்காத பேச்சு இது? எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த இஸ்ரவேலர் பெயரையே அந்தப் பாட்டுக்குச் சூட்டினார். இதுவா உல்லாசப் பாட்டு?

1968 ஏப்ரலில் பிரிட்டனில் இனோக் பவல் என்ற பழமைவாதக் கட்சித் தலைவர் கருப்பு மக்களுக்கு எதிராக விஷம் கக்கினார். லண்டன் துறைமுகத் தொழிலாளரில் ஒரு பகுதியினரே அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். வெட்கக்கேடு! ஆனால் சரியாக ஓராண்டில், 1969 ஏப்ரலில், அதே பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனையில் இந்தக் கருப்புத் தொழிலாளியின் பாட்டு முதலிடத்தில் நின்றது. அதை வாங்கியவர்களில் வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். நிறத்தைக் காட்டிப் பிரிக்கப் பார்த்தவர்கள் முகத்தில் கரி!

அந்த வெற்றியின் பலனை அனுபவித்தது யார்? அந்நாளைய ஜமாய்க்காவில் ஒரு பாட்டுக்குச் சில பவுன்களைக் கூலியாகக் கொடுத்துப் பாடகரை அனுப்பிவிடுவதே பொது வழக்கம். தட்டு எத்தனை லட்சம் விற்றாலும் அந்தக் கூலி ஏறாது. களத்துமேட்டில் நெல் மலையாகக் குவிந்தாலும் அறுத்தவனுக்கு அளந்த படி அளந்ததுதான் என்பார்களே, அதே கணக்கு!

உலகம் முழுவதும் ஒலித்த அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை 1984ல் பிரிட்டிஷ் நீதிமன்றம் திவாலானவர் என்று அறிவித்தது. 2006 மே மாதம், 64 வயதில், மாரடைப்பால் மறைந்தார்.

"கணக்கு வழக்குத் தெரியாதவர்" என்று கைகொட்டிச் சிரிப்பார்கள் கனவான்கள். நாம் கேட்கிறோம்: பாடுகிறவன் பாட்டையும் கட்டி, கணக்கையும் காவல் காக்க வேண்டுமா? 

தோழர்களே! ஒருவன் புகழ் பெற்றால் உழைப்பாளிக்கு விடிவு வந்துவிடாது. புகழ் பெற்றவனுக்கே வரவில்லை! பாட்டு மனங்களைச் சேர்க்கும். அது பெரிய காரியம். ஆனால் கூலியை வாங்கித் தருவது சங்கம்தான். தறியில் நிற்பவனுக்கும் வயலில் குனிபவளுக்கும் மேடையில் பாடுபவனுக்கும் நியாயம் ஒன்றே: விளைவித்தவனுக்கே விளைச்சல்!