அந்தமான் ட்ரிப் போறீங்களா... கேமராவை ஆன் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

2025 மார்ச் இறுதியில், 24 வயது அமெரிக்க யூடியூபர் ஒருவர் வடக்கு சென்டினல் தீவில் தடையை மீறி இறங்கினார். கரையில் ஒரு தேங்காயையும் டயட் கோக் கேனையும் வைத்தார், வீடியோ எடுத்தார், திரும்பினார். சென்டினல் மக்கள் யாரும் அவர் கண்ணில் படவில்லை. சில நாள்களில் போலீஸ் கைதுசெய்தது.

'ஒரு வீடியோவுக்குப் போய் கைதா?'னு தோணுதா? இந்தக் கதை 140 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு பாஸ்.

1880-ல் பிரிட்டிஷ் அதிகாரி மாரிஸ் போர்ட்மேன், இதே தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோனார். எல்லோருக்கும் நோய் வந்தது. பெரியவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். குழந்தைகளை மட்டும் தீவில் திரும்ப விட்டார்கள். அதே போர்ட்மேன்தான் 1890-களில் மற்ற அந்தமான் பழங்குடிகளைக் கட்டம்போட்ட திரைக்கு முன் நிற்கவைத்துப் படமெடுத்தார். எதுக்குக் கட்டம்? உடம்பை அளக்க! அன்றைய மானிடவியலுக்கு மனிதர்கள் 'மாதிரி'கள். கேமரா ஓர் அளவுகோல். எதிரில் நின்றவரின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்தத் துறையே தன்னைக் கேள்வி கேட்டுக்கொண்டது. 1966-ல் சோல் வொர்த், ஜான் அடேர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், அரிசோனாவின் நவஹோ பழங்குடியினரிடமே கேமராவைக் கொடுத்தார்கள். 'உங்களுக்கு எது முக்கியமோ, அதை எடுங்க' என்றார்கள். யார் பார்க்கிறார்கள் என்பது மாறும்போது, படமும் மாறும் என்பதுதான் அவர்கள் சோதித்துப் பார்த்த விஷயம்.

ஆனா, கேமராவே வேண்டாம்னு சொல்றவங்களை என்ன செய்றது? 1974-ல் ஆவணப்படக் குழு ஒன்று வடக்கு சென்டினலுக்குப் போனபோது, இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. அதைவிடத் தெளிவா எப்படிங்க 'நோ' சொல்ல முடியும்?

ஆய்வாளர்கள் கத்துக்கிட்ட பாடத்தை நாம மறந்துட்டோமோன்னு தோணுது. உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-ல் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. ஜாரவா மக்களைப் படமெடுப்பது இன்று தண்டனைக்குரிய குற்றம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான். போயிட்டு வாங்க, கடலை எடுங்க, சன்செட்டை எடுங்க. ஜாரவா காட்டு வழியே வண்டி போகும்போது மட்டும் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். போர்ட்மேன் கேட்காத சம்மதத்தை, நாமளாவது மதிப்போமே!