செலவாகாத காசு

செத்தவனுக்குப் பசி உண்டா? பிரயாணம் உண்டா? வழியில் கொடுக்கக் காசு வேண்டுமா? உண்டென்று நம்பிய ஒரு தேசத்தாரின் சங்கதியைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

ஐரோப்பாவிலுள்ள போலந்து நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் வருஷங்களுக்கு முன் பிணத்தை எரிப்பதே வழக்கம். 966-ல் மியெஷ்கோ என்னும் அரசன் ஞானஸ்நானம் பெற்றான். அதன் பிறகு மெள்ள மெள்ள எரிப்பது போய்ப் புதைப்பது வந்தது.

எரித்த காலத்தின் யோக்கியதை என்ன? மியெஷ்கோ ஞானஸ்நானம் பெறுவதற்கு முந்திய காலத்தில், புருஷன் செத்து அவனை எரித்தால் மனைவியின் தலையையும் வெட்டி அவன் பின்னாலேயே அனுப்பினார்கள் என்று தீத்மார் என்னும் ஜெர்மானிய பிஷப் எழுதி வைத்திருக்கிறார். இவர் 1018-ல் இறந்தவர். எதிர் மதக்காரர், கூட்டிச் சொல்லியிருப்பார் என்றே வைத்துக் கொள்வோம். ஆனால் பெண்சாதி செத்ததற்காகப் புருஷனை வெட்டியதாக அவர்கூட எழுதவில்லையே!

சரி, புதைத்த காலத்திலாவது புத்தி வந்ததா? போஜா என்னும் ஊரில் புது ரஸ்தா போடுவதற்கு முன், 2007 முதல் 2009 வரை நிலத்தைத் தோண்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஐம்பதுக்கு மேற்பட்ட குழிகள் கிடைத்தன. ஒரு வாலிபன் பக்கத்தில் வாள். பெண்களோடு வெள்ளி மணிகள், தாயத்துக் கூடுகள். சாதாரண ஜனங்களின் இடுகாடுகளிலோ பெரும்பாலும் ஒரு சிறு கத்தி, நெற்றிப் பட்டையில் கோத்த ஒரு வளையம், அல்லது ஒன்றுமேயில்லை. மண்ணுக்குள்ளும் பணக்காரன் பணக்காரன், ஏழை ஏழை!

நகையெல்லாம் உடுத்திய உடையோடு போனவை, அதில் மூடநம்பிக்கை என்ன என்று சிலர் கேட்கலாம். நகையை விட்டுவிடுவோம். இரும்பு வளையம் போட்ட மரவாளி எதற்கு? பிணத்தின் வாயிலும் கையிலும் வெள்ளிக் காசு எதற்கு? ஞானஸ்நானம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் காசு நிற்கவில்லை. மாதா கோவிலைச் சுற்றிப் புதைக்கும் வழக்கம் பரவிய பிறகுதான் குழிக்குள் பொருள் வைப்பது குறைந்தது. சாமி மாறியது, பயம் மாறவில்லை.

தோழர்களே! அந்தக் காசுகள் இன்று கண்காட்சிச் சாலையில் இருக்கின்றன. ஆயிரம் வருஷமாக எந்த ஓடக்காரனும் வாங்கவில்லை. எந்த வாசற்காவலனும் கேட்கவில்லை. வைத்த இடத்திலேயே கிடந்தன. அன்று அந்தக் காசு வீட்டில் இருந்திருந்தால் பிள்ளைக்கு ஒரு வேளை ரொட்டியாவது கிடைத்திருக்கும். செத்தவரிடம் அன்பிருந்தால் அவர் விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள். குழிக்குக் கொடுத்தது குழியிலேயே கிடக்கும் என்பதற்குப் போலந்து மண்ணைவிட வேறு சாக்ஷி வேண்டுமா?