ஷெர்லாக் ஹோம்சுக்கு வயது என்ன?

கதைகளில் வரும் லண்டன் துப்பறியும் நிபுணர் ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்தது எந்த ஆண்டு? அவரைப் படைத்த கானன் டாயில் எங்கும் சொல்லவில்லை.

ஹோம்சை வைத்துப் புதுக்கதை எழுதும் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? 1917-ல் வெளியான டாயில் கதை ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கதை நடப்பது 1914 ஆகஸ்டில். மாறுவேடத்தில் வரும் ஹோம்ஸ் அறுபது வயது மனிதர் என்று அதில் இருக்கிறது. கழித்துப் பார்த்தார்கள். 1854 என்று கணக்கு வந்தது.

அமெரிக்க எழுத்தாளர் லாரி கிங் 1994-ல் வெளியிட்ட நாவலில் வயதைக் குறைத்தார். 1915-ல் ஹோம்சுக்கு 54 என்றார்.

கூட்டுவதும் குறைப்பதும் எழுதுபவர் உரிமை. ஆனால் வைத்த வயதைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். அறுபது வயதுக்காரர் அடுத்த அத்தியாயத்தில் வாலிபராய்ச் சுவர் ஏறிக் குதித்தால் வாசகர் நம்புவாரா?

இரவல் வாங்கிய பாத்திரத்தை நெளியாமல் திருப்பிக் கொடுப்பதுதானே முறை!