ஆர்சி புத்தகத்தில் ஒரு தாயின் பெயர்

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, ஒன்பது மணியைத் தாண்டியிருக்கும். துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் ரேடியல் சாலையில் நான் ஏறிய பைக் டாக்சி சறுக்கி விழுந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பின்னாலிருந்தும் யாரும் இடிக்கவில்லை. யாரோ கொட்டிவிட்டுப் போன ஜல்லி, அதன்மேல் மழைநீர், அவ்வளவுதான். எனக்கு வலது மணிக்கட்டு முறிந்தது, ஓட்டிய தம்பிக்குக் காறை எலும்பு. அவனுக்கு 22 வயது. வலியில் முனகிக்கொண்டே அவன் முதலில் கேட்டது இதைத்தான்: "அக்கா, போலீஸ்ல சொல்லிடாதீங்க. ஐடியை பிளாக் பண்ணிடுவாங்க."

நான் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் அவன் ஐடி முடக்கப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடி நான் செயலியில் பதிவுசெய்த ஒரே ஒரு புகார் அதற்குப் போதுமானதாக இருந்தது. விபத்து நடந்தது என்று மட்டும்தான் எழுதியிருந்தேன், அவன்மீது குறை சொல்லவில்லை. அடுத்து வந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்தப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள், சிலர் முன்சீட்டில் இருந்திருப்பீர்கள்.

அறுவை சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் ஆன செலவு என் உதவித்தொகையில் நான்கு மாதத்தை விழுங்கியது. ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய வேண்டிய கை அது. நிறுவனத்திடம் கேட்டேன். "பயணியையும் ஓட்டுநரையும் இணைக்கும் தளம் மட்டுமே நாங்கள், போக்குவரத்துச் சேவையை நாங்கள் வழங்கவில்லை" என்று பதில் வந்தது. அவர்களிடம் பயணிக்கான காப்பீடு ஒன்று இருக்கிறது. அதற்கு முதல் தகவல் அறிக்கை வேண்டும். முதல் தகவல் அறிக்கை என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் அந்தத் தம்பி குற்றம் சாட்டப்பட்டவன் ஆவான். எனக்குப் பணம் வர வேண்டுமென்றால் அவன் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்.

சரி, வண்டியின் காப்பீடு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது. அவன் வண்டிக்கு அது இருந்தது. ஆனால் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் அந்தக் குறைந்தபட்சக் காப்பீடு, இருசக்கர வாகனத்தின் பின்சீட்டில் இருப்பவரைக் காக்காது. திலக் சிங் வழக்கில் 2006லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சாலையில் நடந்துபோகும் ஒருவர்மேல் வண்டி மோதினால் அவர் மூன்றாம் நபர். பின்னால் உட்கார்ந்திருந்த நான் மூன்றாம் நபர் இல்லை.

முழுக் காப்பீடு எடுத்திருந்தால்? பின்சீட்டுக்காரருக்கும் அது பொருந்தும் என்று 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் வெள்ளை நம்பர் பிளேட் வண்டியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வாடகைக்கு ஓட்டுவதற்கு இந்தக் காப்பீடு பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைக் காட்டி நிறுவனம் கைகழுவும். சில வழக்குகளில் தீர்ப்பாயம், "முதலில் நீ கொடு, பிறகு வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்" என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடும். 2004இல் சுவரண் சிங் வழக்கிலும், பெர்மிட் இல்லாத வண்டி குறித்து 2018இல் அம்ரித் பால் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த வழியைக் காட்டியது. பாதிக்கப்பட்டவருக்கு அது நல்ல தீர்வு. ஆனால் யாரிடமிருந்து வசூலிப்பார்கள்?

தம்பி ஓட்டிய வண்டி அவன் அம்மா பெயரில் இருந்தது. கடன் வாங்க அவனிடம் சம்பளச் சான்று இல்லாததால் அம்மா பெயரில் வாங்கியிருக்கிறார்கள். அவர் பெரும்பாக்கம் குடியிருப்பில் இருந்து விடியற்காலையில் கிளம்பிவந்து நகரத்தைக் கூட்டும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். நகரின் நடுவில் இருந்த குடிசையை இடித்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அந்தத் தொலைவைக் கடக்க வாங்கிய வண்டியைத்தான் மகன் பிழைப்புக்கும் ஓட்டினான். சட்டத்தின் கண்ணில் 'உரிமையாளர்' அந்த அம்மாதான். மகனின் கவனக்குறைவுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. சறுக்கி விழுந்த அந்தப் பயணத்தில் அவருக்கு ஒரு ரூபாய் லாபம் இல்லை, ஒரு சொல் கட்டுப்பாடும் இல்லை.

தம்பிக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. விழுந்தது அவனே ஓட்டிய வண்டி என்பதால் யார்மீதும் அவன் வழக்குப் போட முடியாது. உரிமையாளரே ஓட்டினால் உண்டு என்று சொல்லப்படும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். அதற்கும் அவன் உரிமையாளன் இல்லை. வேலையில் அடிபட்டவருக்கு, யார் தவறு என்று கேட்காமல் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்த விதி. ஆனால் அதற்கு அவன் 'தொழிலாளி'யாக இருக்க வேண்டும். அவனை நிறுவனம் 'கேப்டன்' என்றும் 'பார்ட்னர்' என்றும் அழைக்கிறது.

லாபம் மேலே போகிறது, அடிபடுவது கீழே நிற்கிறது. இது நமக்குப் புதிய ஏற்பாடு அல்ல. மலக்குழிக்குள் ஆள் இறந்தால் நகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டும், ஒப்பந்ததாரர் உள்ஒப்பந்ததாரரைக் காட்டுவார், அவர் "அவனாகத்தான் இறங்கினான்" என்பார். வேலையின் பலனை எடுத்துக்கொண்டு வேலை செய்பவனின் உடலைத் தொடாமல் விலகி நிற்கும் கலையில் இந்தச் சமூகத்துக்கு நெடிய பயிற்சி உண்டு. செயலி அதைக் கொஞ்சம் நேர்த்தியாகச் செய்கிறது. வேறொரு வேலையையும் அது செய்கிறது. பின்சீட்டில் இருந்த முதல் தலைமுறைப் பட்டதாரியான என்னையும் முன்சீட்டில் இருந்த அவனையும் எதிரெதிர் மனுதாரர்களாக நிறுத்துகிறது.

இழப்பீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள்தான் இன்றைய வாய்ப்பாடு. 22 வயதில் மணமாகாத இருவர் சாலையில் இறக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டும் பைக் டாக்சி ஓட்டுநர். எதிர்கால உயர்வுக்கு 40% சேர்த்தால் 21,000. அவரது சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழித்து, 12 மாதத்தால் பெருக்கி, வயதுக்கான 18ஆல் பெருக்கினால் 22,68,000 ரூபாய். மற்றவர் நிரந்தர வேலையில் ஒரு லட்சம் சம்பளம் வாங்குபவர். நிரந்தர வேலை என்பதால் உயர்வு 50%. வருமான வரியைக் கழிக்காமல் பார்த்தால் 1,62,00,000 ரூபாய். பிள்ளையை இழந்த பெற்றோரின் பாசத்துக்கு மட்டும் இருவர் வீட்டுக்கும் ஒரே தொகை, 40,000 ரூபாய், மூன்றாண்டுக்கு ஒருமுறை 10% ஏற்றத்தோடு.

குடும்பம் இழந்த வருமானத்தை ஈடுகட்டுவதே நோக்கம் என்று நீதிமன்றம் சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் யாருக்கு என்ன வருமானம் என்பது வானத்திலிருந்து விழுந்ததா? எந்தத் தெருவில் பிறந்தவனுக்கு எந்தப் பள்ளி, எந்த வேலை என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த கணக்கின் கடைசி வரிதான் அந்த 15,000. அதற்கும் சான்று இல்லையென்றால் தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தை வைக்கும். 2011இல் ராமச்சந்திரப்பா வழக்கில், கூலித் தொழிலாளி சொல்லும் நியாயமான வருமானத்தைச் சான்று இல்லை என்பதற்காகக் குறைக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வக்கீலிடம் போகும்போது அந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். செயலியில் வந்த ஒவ்வொரு நாள் வருமானத்தையும் சேமித்து வையுங்கள். ஐடி முடங்கினால் அதுவும் போய்விடும்.

மாற்று வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 1997இல் கைலாஷ் நாத் கோத்தாரி வழக்கில் ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம், "பேருந்து எங்களுடையது அல்ல, வாடகைக்கு எடுத்தோம், ஓட்டுநரும் எங்கள் ஊழியர் அல்ல" என்று வாதாடியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருந்தாலும், வண்டி யாருடைய கட்டுப்பாட்டில் ஓடியதோ அவர்களும் உரிமையாளரே, அவர்களும் பொறுப்பு என்றது. இதைச் செயலிக்குப் பொருத்திப் பாருங்கள். கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார்? எந்தப் பயணியை எங்கே ஏற்ற வேண்டும் என்று யார் சொல்கிறார்? நட்சத்திரம் குறைந்தால் வேலையைப் பறிப்பது யார்? ஒரு பேருந்தின்மேல் போக்குவரத்துக் கழகத்துக்கு இருந்த பிடியைவிட இந்தப் பைக்கின்மேல் செயலிக்கு இருக்கும் பிடி இறுக்கமானது.

2019 திருத்தம் இந்த நிறுவனங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு பெயரும் உரிமமும் தந்தது. ஒன்றிய அரசின் 2020, 2025 வழிகாட்டு நெறிமுறைகள், ஓட்டுநருக்கு 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் 10 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் வேண்டும் என்கின்றன. நெறிமுறை என்பது மாநிலம் விதியாக்கும்வரை காகிதம். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறுவனத்தின் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை நிதியாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த தொழிலாளர்களுக்கு நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் அறிவித்தார், வாரியமும் அமைந்தது. நலவாரியம் தருவது உதவி. நான் கேட்பது பொறுப்பு. விபத்து வழக்குகளில் செயலி நிறுவனத்தையும் உரிமையாளராகக் கருத வேண்டும். லாகின் செய்ததிலிருந்து லாக் அவுட் செய்யும்வரை, ஓட்டுநருக்கும் பயணிக்கும் சேர்த்து, வாடகைப் பயன்பாட்டுக்கான காப்பீட்டை நிறுவனமே எடுக்க வேண்டும். கொடுத்த இழப்பீட்டை ஓட்டுநர் குடும்பத்திடம் திரும்ப வசூலிக்கக் கூடாது. விபத்தைச் சொன்னதற்காக ஐடியை முடக்கக் கூடாது.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அண்ணல் அம்பேத்கர் வசம் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவக் காப்பீட்டுக்காக அதார்கர் அறிக்கை எழுதப்பட்டது அந்தக் காலத்தில்தான். அதன் தொடர்ச்சியே 1948இன் ஈஎஸ்ஐ சட்டம். நோயும் விபத்தும் தொழிலாளியின் தலையெழுத்து அல்ல, வேலை வாங்குபவரின் செலவுக் கணக்கில் சேர வேண்டியவை என்பதே அதன் அடிப்படை. எண்பது ஆண்டு கழித்து அந்தச் செலவு மறுபடி தொழிலாளியின் அம்மா தலையில் ஏறியிருக்கிறது.

இப்படி ஒன்று உங்களுக்கு நேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். மனுவுக்கு ஆறு மாதக் கெடு 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பயணத்தின் ஸ்கிரீன்ஷாட்டை உடனே எடுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் தந்திருக்கிறது.

தம்பியிடம் பேசிவிட்டுத்தான் நான் போலீசில் புகார் கொடுத்தேன். சாலையில் கிடந்த ஜல்லியையும் வாக்குமூலத்தில் சொன்னேன். கெடு முடிவதற்குள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். முதல் எதிர்மனுதாரர் செயலி நிறுவனம், அதன் பிறகே காப்பீட்டு நிறுவனமும் வண்டி உரிமையாளரும். உரிமையாளரைச் சேர்க்காமல் மனு நிற்காது என்றார் வக்கீல். சம்மன் போன அன்று மாலை அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். கோபம் இல்லை. "எம்மா, எம் பேரு ஏன் இதுல வந்துச்சு?" என்று கேட்டார். ஆர்சியில் உங்கள் பெயர் இருப்பதால் என்றேன். அது சட்டத்தின் பதில். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலை மாற்றுவதற்காகத்தான் இந்த வழக்கை நடத்துகிறேன்.