வெப் டிசைன்: பாடம் இலவசம், வழிகாட்ட ஆள் வேண்டும்

டிகிரி முடித்த கையோடு பெங்களூருக்கோ ஓசூருக்கோ பஸ் ஏறுவது தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. அவர்களில் யாராவது வெப் டிசைன் படிக்கப் போவதாகச் சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி ‘ஃபீஸ் எவ்வளவு?’ என்பதுதான். கடன் வாங்கியாவது கட்டிவிடலாம் என்று முடிவெடுக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் துறையின் அடிப்படைப் பாடங்களுக்கு ஒரு ரூபாயும் தேவையில்லை. பெரிய நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் சந்தேகம் வந்தால் புரட்டுகிற அதே பாடங்கள் பாலக்கோட்டிலும் அரூரிலும் இலவசமாகத் திறக்கும். எதை முதலில் படிப்பது, எதை அப்புறம் படிப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

வெப் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட ஒன்று. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வெப் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம் அறிவித்தது. இன்றும் எந்தப் பக்கத்தையும் கம்ப்யூட்டரில் திறந்து, அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க முடியும். தருமபுரி மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தையே எடுத்துக்கொள்ளலாம். தலைப்புக்கு எந்தக் குறி, படத்துக்கு எந்தக் குறி, செல்போன் திரையில் பத்திகள் எப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன என்று கவனிப்பதே முதல் வகுப்பு.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் தமிழிலேயே தொடங்குவது நல்லது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. பக்கத்தைக் கட்டும் எச்.டி.எம்.எல்., அதற்குத் தோற்றம் தரும் சி.எஸ்.எஸ்., தகவல்களைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கும் மின்னூல்களை அது இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான குறும்பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கூடவே செய்துபார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள். இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம். சிக்னல் தடுமாறும் மலையூர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

அடிப்படை பிடிபட்டதும் ஆங்கிலத்துக்குத் தாவத்தான் வேண்டும். மொசில்லா 2005இல் தொடங்கிய எம்.டி.என். தளம் இத்துறையின் நம்பகமான கையேடு. 1998 முதல் இருக்கும் டபிள்யூ3ஸ்கூல்ஸ், ஒரு வரியை மாற்றி உடனே விளைவைப் பார்க்க வசதியானது. 2014இல் க்வின்சி லார்சன் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் லாப நோக்கமற்றது. படிவம், அறிமுகப் பக்கம் என்று கற்பவர் கையாலேயே கட்டவைத்துக் கற்றுக்கொடுப்பது அதன் சிறப்பு. மூன்றையும் ஒரே நாளில் திறந்துவைத்துக்கொண்டு திணறுகிறவர்கள்தான் அதிகம். ஃப்ரீகோட்கேம்பை வரிசையாக முடிப்பது, சந்தேகம் வந்தால் எம்.டி.என். பக்கம் போவது என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஏஐயிடம் கேட்டால் முழுப் பக்கத்தையும் அதுவே எழுதித் தந்துவிடுமே என்பார்கள். தரும். ஆனால் அந்தப் பக்கம் செல்போனில் உடைந்து தெரியும்போது எந்த வரியில் கோளாறு என்று கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கிலப் பாடங்கள் அதிகம் பேசாத ஒரு பகுதி உண்டு: திரையில் தமிழ். நம் எழுத்துகளில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கடியாகிவிடும். சொற்கள் நீளமானவை என்பதால் சின்னத் திரையில் பட்டன்களை விட்டு எழுத்து வெளியே வழியும். அச்சகங்களில் புழங்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும், யூனிகோடு கட்டாயம். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. இதையெல்லாம் அறிந்த டிசைனர், தமிழில் தளம் வேண்டும் என்று தேடுகிறவருக்கு உடனே பயன்படுவார்.

பழகுவதற்கான வேலை ஊரிலேயே கிடக்கிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டி, தருமபுரி பட்டுக்கூடு அங்காடி, காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்பு, ஒகேனக்கல் வருபவர்களை நம்பியிருக்கும் விடுதி என ஏதாவது ஒன்றுக்கு ஒரு பக்கம் செய்து பார்க்கலாம். கோடு எழுத உதவும் விஎஸ் கோட் மென்பொருள் இலவசம். செய்த பக்கத்தை கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் காசில்லாமல் இணையத்தில் ஏற்றலாம். வேலைக்கு எடுப்பவர் முன் சான்றிதழை நீட்டுவதைவிட, செல்போனில் திறக்கும் மூன்று நல்ல பக்கங்களைக் காட்டுவது வலுவானது.

ஆனால் செல்போனிலேயே இதைப் படித்து முடிக்க முடியாது. கீபோர்டு வேண்டும், பெரிய திரை வேண்டும், தப்பைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி இடம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இங்கு அதிகம் என்பதால், இந்தக் குறையைப் பொது நிறுவனங்கள்தான் தீர்க்க வேண்டும். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியிலும் தருமபுரி அரசு கலைக் கல்லூரியிலும் கம்ப்யூட்டர் லேப்கள் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் திறன் பயிற்சிகளும் கல்லூரிகளுக்குள் நடக்கின்றன. படிப்பை முடித்தவர்களும் பாதியில் விட்டவர்களும் அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

மாவட்ட நிர்வாகம் இந்த லேப்களை வாரத்தில் இரண்டு மாலைகளாவது வெளியாருக்குத் திறந்துவிட வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலும் பென்னாகரம், அரூர் கிளை நூலகங்களிலும் நான்கைந்து கம்ப்யூட்டர்கள் வைத்து, கணியம் நூல்களையும் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களையும் அவற்றில் ஏற்றித் தர வேண்டும். பெங்களூரில் இத்துறையில் இருக்கும் தருமபுரிக்காரர்கள் ஊருக்கு வரும் வார இறுதியில் இரண்டு மணி நேரம் அங்கே வந்து உட்கார வேண்டும்.