ஊர் சுற்றலாம் வாங்க! - கியோட்டோவிலும் 4-ம் வீதி, புதுக்கோட்டையிலும் 4-ம் வீதி

 

இந்த வாரம் ஜப்பானில் இருக்கும் கியோட்டோ நகரத்துக்குப் போகிறோம். விமானம் ஏறுவதற்கு முன்னால் புதுக்கோட்டையில் ஒரு ரவுண்டு நடக்க வேண்டும். 'அங்கே எதுக்கு?' என்கிறீர்களா? புதுக்கோட்டையின் வீதிகளைப் புரிந்துகொண்டால், கியோட்டோவில் வழி தவறவே மாட்டீர்கள்.

எண்களே முகவரி

புதுக்கோட்டை நகரின் நடுவில் அரசர்களின் பழைய அரண்மனை இருந்தது. அதைச் சுற்றி நான்கு திசைகளிலும் நான்கு ராஜ வீதிகள். கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி. அரண்மனையிலிருந்து தள்ளிப் போகப் போக 2-ம் வீதி, 3-ம் வீதி, 4-ம் வீதி என்று எண் கூடிக்கொண்டே போகும். 'தெற்கு 4-ம் வீதி' என்று யாராவது சொன்னால், அது அரண்மனைக்குத் தெற்கே, கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது என்று கூகுள் மேப் இல்லாமலேயே சொல்லிவிடலாம்.

இப்போது கியோட்டோவுக்கு வாருங்கள். கி.பி. 794-ல் ஜப்பானியப் பேரரசர் புதிய தலைநகரம் ஒன்றைக் கட்டினார். அன்று சீனாவின் பெரிய நகரமாக இருந்த சாங்கானைப் பார்த்து, சதுரங்கப் பலகைபோல கட்டம் கட்டமாகத் தெருக்களைப் போட்டார்கள். வடக்கே அரண்மனை. அங்கிருந்து தெற்கு நோக்கி வரவர இச்சிஜோ, நிஜோ, சன்ஜோ, சிஜோ, கோஜோ எனக் குறுக்குச் சாலைகள். அதாவது 1-ம் வீதி, 2-ம் வீதி, 3-ம் வீதி, 4-ம் வீதி, 5-ம் வீதி. இப்படியே 9-ம் வீதியான குஜோ வரை போகும்.

அங்கேயும் அரண்மனையிலிருந்து விலக விலக எண் கூடுகிறது, கவனித்தீர்களா? இன்று கியோட்டோ ரயில் நிலையத்தில் மெட்ரோ ஏறி வடக்கே போனால், முதலில் வரும் ஸ்டேஷன் கோஜோ, அடுத்தது சிஜோ. 5-க்கு அடுத்து 4. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம்.

மற்ற தெருக்களின் பெயர்களை நினைவில் வைக்க கியோட்டோவில் ஒரு பழைய பாட்டே இருக்கிறது. தெருப் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து, வரிசையாகப் பாடுவார்கள். நம் ஊர்த் தெருக்களுக்கும் அப்படி ஒரு பாட்டு கட்டிப் பார்க்கலாமே!

இரண்டுமே பழைய தலைநகரங்கள்

'கியோட்டோ' என்ற சொல்லுக்குத் தலைநகரம் என்றே பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியப் பேரரசர்கள் வாழ்ந்த ஊர் அது. 1868-ல் ஆட்சி மாற்றம் வந்தது. அதைத் தொடர்ந்து பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயர்ந்தார்.

புதுக்கோட்டையும் தலைநகரமாக இருந்த ஊர்தான். 17-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தொண்டைமான் மன்னர்கள் இங்கே ஆட்சி செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்திலும் இது தனி சமஸ்தானமாகவே இருந்தது. தனி நாணயம்கூட உண்டு. அம்மன் காசு என்று பெயர். சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், இன்னொரு பக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். வீட்டில் பழைய காசு சேர்க்கும் தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. பிறகு திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமானது. மன்னர் குடும்பத்தின் புதிய அரண்மனையில்தான் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது. 2024-ல் புதுக்கோட்டை, மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது.

பேரரசர் போன பிறகு என்ன ஆனது?

தலைநகர் அந்தஸ்து போனதும் கியோட்டோ களையிழந்தது. மக்கள் வெளியேறினார்கள், வியாபாரம் படுத்தது. அப்போது அந்த ஊர் பெரிதாக நம்பியது எதைத் தெரியுமா? தண்ணீரை!

மலைக்கு அந்தப் பக்கம் பிவா என்ற மிகப்பெரிய ஏரி. மலையைக் குடைந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவர முடிவெடுத்தார்கள். பொறுப்பேற்ற பொறியாளர் தனபே சகுரோ அப்போதுதான் கல்லூரி முடித்தவர், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1885-ல் வேலை தொடங்கியது. 1890-ல் கால்வாய் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதில் மின்சாரம் எடுத்தார்கள். 1895-ல் அந்த மின்சாரத்தில் டிராம் ஓடியது. ஜப்பானின் முதல் மின்சார டிராம் அது.

இன்னொரு குட்டித் தகவல். கால்வாய் வேலை நடந்துகொண்டிருந்த 1889-ல், இதே கியோட்டோவில் கையால் சீட்டுக்கட்டு செய்து விற்கும் ஒரு சின்னக் கடை தொடங்கப்பட்டது. அதன் பெயர் நின்டெண்டோ. ஆமாம், சூப்பர் மாரியோவின் நின்டெண்டோதான்! இன்றைக்கும் அதன் தலைமையகம் கியோட்டோவில்தான் இருக்கிறது.

அதே நேரத்தில் புதுக்கோட்டையில்...

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் புதுக்கோட்டையிலும் ஒருவர் தண்ணீரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு, 1878-ல் புதுக்கோட்டைக்கு வந்தவர். 1886-ல் சிறுவனான மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் மன்னரானதால், 1894 வரை ஆட்சிப் பொறுப்பையும் இவரே பார்த்துக்கொண்டார். நகரத்தைத் திருத்தி அமைத்ததில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளமும், புதுக்குளமும் இவர் காலத்தில் சீரமைக்கப்பட்டன.

குளத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு புதுக்கோட்டையில் கிடையாது. வெள்ளாற்றில் மழைக்காலத்தில்தான் தண்ணீர் பார்க்கலாம். அதனால், ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையைப் பிடித்துவைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் நம் முன்னோர்கள் வெட்டிவைத்தது அதற்காகத்தான்.

இந்தக் குளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி என்று நினைக்காதீர்கள். மேட்டில் பெய்யும் மழை, வரத்து வாரி வழியாகக் குளத்துக்கு வரும். குளம் நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து, வாய்க்காலில் ஓடி, அடுத்த குளத்துக்குப் போகும். ரயில் பெட்டிகள் மாதிரி ஒன்றோடொன்று கோத்தவை. நடுவில் ஒரு வரத்து வாரியை மண் போட்டு மூடினால், கீழே இருக்கிற குளம் காயும். போக வழி இல்லாத தண்ணீர் தெருவுக்குள் வரும்.

குளத்தின் மேல் இந்த மண்ணுக்கு இருந்த காதலைப் பார்க்க வேண்டுமா? சித்தன்னவாசலுக்குப் போங்கள். சமணர்களின் குகைக்கோயில் அது. அதன் கூரையில் 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த தாமரைக்குள ஓவியம் இருக்கிறது. குளத்தில் மீன்கள், பறவைகள், யானை, எருமை, கூடவே தாமரை பறிக்கும் மனிதர்கள். பல இடங்களில் மங்கிப்போனாலும், அண்ணாந்து பார்த்தால் ஒரு முழுக் குளம் தலைக்கு மேலே தெரியும்.

கியோட்டோ எப்படிக் காப்பாற்றியது?

இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டு போடுவதற்காக அமெரிக்கா தயாரித்த நகரங்களின் பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. போர்த்துறை அமைச்சர் ஹென்றி ஸ்டிம்சன் அதை நீக்கச் சொன்னார். அந்த நகரம் தப்பியது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. யுனெஸ்கோ 1994-ல், கியோட்டோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் 17 கோயில், மாளிகைகளை உலகப் பாரம்பர்யச் சின்னங்களாக அறிவித்தது.

போரில் தப்பிய நகரத்துக்கு அடுத்த ஆபத்து, உயரமான கட்டடங்கள். அதற்காக 2007-ல் கடுமையான விதி கொண்டுவந்தார்கள். நகரின் மையத்தில் கட்டடங்களின் உயரம் 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைக்கப்பட்டது. மொட்டைமாடி விளம்பரப் பலகைகளுக்கும் தடை. ஏறக்குறைய 14 லட்சம் பேர் வாழும் பரபரப்பான நகரத்தில்தான் இதெல்லாம் நடந்தது.

அந்தப் பழைய கால்வாய்? இன்றைக்கும் ஓடுகிறது. கியோட்டோ வீடுகளின் குழாய்களில் வருவது பிவா ஏரித் தண்ணீர்தான். கால்வாயின் ஒரு கிளையை ஒட்டிய நடைபாதைக்குத் தத்துவஞானியின் பாதை என்று பெயர். இரு பக்கமும் செர்ரி மரங்கள். வசந்த காலத்தில் பூப்பூக்கும்போது பார்க்க உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் கண்ணெதிரே தெரிகிறது.

நம் குளங்கள்?

புதுக்கோட்டையின் குழாய்களுக்கு இன்று காவிரித் தண்ணீர் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று ஆன பிறகு, குளத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமல் போனது. தேடிப் போகாத இடத்தில் குப்பை சேரும். வரத்து வாரி எது என்றே தெரியாதபோது, அது அடைபட்டாலும் யாருக்கும் தெரியாது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் இல்லாவிட்டால் போர்வெல் மோட்டார் ஓடாது. எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர் இருந்தும் ஒரு குடம் எடுக்க முடியாது. ஊருக்குள் ஒரு நல்ல குளம் இருந்தால் அதன் அருமை என்ன என்பது அந்த நாள்களில் புரிந்தது.

அடுத்த ஆண்டு கொத்தமங்கலம் பகுதி இளைஞர்கள், தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். அங்கே குழந்தைகளும் உண்டியல் காசைக் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில் இப்படி ஒரு வேலை நடந்தால் நீங்கள் என்ன கொடுப்பீர்கள் என்று யோசியுங்கள்.

கியோட்டோவிடம் பெரிய ஏரியும், பணமும், சட்டமும் இருந்தன. நம்மிடம் மழையும், வாரியும், குளமும் இருக்கின்றன. நேர்த்தியான வீதிகள் இரண்டு ஊர்களிலும் தப்பிவிட்டன. தினமும் அவற்றில் நடக்கிறோம், முகவரியில் எழுதுகிறோம், அதனால் மறக்கவில்லை. குளங்களுக்கும் அதே மருந்துதான். அங்கே போக வேண்டும், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இந்த வார வேலை

1. உங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் குளம், கண்மாய் அல்லது ஊருணியின் பெயரைக் கண்டுபிடியுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள்.

2. அதற்குத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, நிரம்பினால் எந்தப் பக்கம் போகிறது என்று பெரியவர்களோடு சேர்ந்து நடந்து பாருங்கள். தண்ணீருக்கு அருகே தனியாகப் போகக் கூடாது, சரியா?

3. வீடு, பள்ளிக்கூடம், குளம், வரத்து வாரி நான்கையும் வைத்து ஒரு மேப் வரையுங்கள். அதை ஸ்கூல் நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த மழைக்கு எடுத்துப் பாருங்கள். நீங்கள் வரைந்த கோட்டில் தண்ணீர் ஓடினால், உங்கள் மேப்புக்கு நூற்றுக்கு நூறு. ஓடாவிட்டால், எந்த இடத்தில் நின்றது என்று ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியை வார்டு கவுன்சிலரிடம் காட்டலாம்.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் சந்திப்போம். டாட்டா!